மூன்று மணி மழைக்குத் தரை போடும் அண்ணனுக்கு

குளிர்நாடுகளில் குடியிருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. இலை உதிரத் தொடங்கியதுமே அவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. டொரோண்டோவில் இருக்கும் நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வந்தால் கோயிலுக்குப் போகலாம், பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்பில் கொண்டுபோய் விடலாம். அதை விட்டுவிட்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, படிக்கட்டில் மயிரிழை விரிசல் எங்கே என்று தேடுகிறார்கள். கண்டதும் கம்பித் தூரிகையால் சுரண்டி, தூசி ஊதி, பசை வைத்து அடைக்கிறார்கள். எண்ணெய்க் கறையைக் கழுவுகிறார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைத் தரையை விட்டுத் தள்ளித் திருப்பி வைக்கிறார்கள். நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் உள்ளே இறங்காதபடி மேலே ஒரு மருந்து பூசுகிறார்கள். புதிதாகப் போட்ட தரை என்றால் இன்னும் மோசம். முதல் குளிர்காலத்தில் பனி கரைக்கும் உப்பை அதன்மேல் போடக் கூடாதாம், மணல்தான் தூவ வேண்டுமாம்.

இத்தனையும் எதற்கு? தண்ணீர் உறைந்தால் 9 விழுக்காடு பருக்கும், அதற்காக. கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்த தண்ணீர் அங்கேயே உறைந்து, பருத்து, உள்ளிருந்தே உடைக்கும். பகலில் உருகும், இரவில் உறையும், மறுபடி உடைக்கும். இந்த 9 விழுக்காட்டுக்குப் பயந்து ஓர் அறிவியலையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். 1930களில் நியூயார்க் மாநிலத்தில் சில சாலைகள் மட்டும் பனிக்குத் தப்பி நிற்பதைக் கவனித்தார்களாம். காரணம் தேடிப் போனால், அந்தச் சாலைகளுக்கு வந்த சிமெண்டை அரைக்கும்போது ஆலையில் மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள். கொழுப்பு கலவைக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருக்கிறது. உறைகிற தண்ணீர் அந்தக் குமிழிக்குள் போய்க் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. தரை தப்பித்தது. அன்றிலிருந்து வெளித்தரைக் கான்கிரீட்டில் வேண்டுமென்றே ஐந்தாறு விழுக்காடு காற்றை அடைத்துப் போடுகிறார்கள். காசு கொடுத்துக் காற்று வாங்குகிற சனம்.

பீடோரில் எங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் நடுவே, பழைய கூட்டரசு சாலையோரம் கொய்யாவும் வாத்து மீயும் விற்றுப் பேர் வாங்கிய ஊர் இது. தீபகற்ப மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, கேமரன் மலையில். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறினால் வரும் அந்த இடத்திலேயே, அந்த நாளிலேயே, உறைநிலைக்கு ஏறக்குறைய எட்டுப் பாகை மிச்சம் இருந்தது. கீழே எங்கள் ஊரில் ஐஸ் பார்க்க வேண்டுமானால் மீன் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் எங்கள் ஊரில் தரை உடைகிறது. கோயில் முன்வாசல், கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துமிடம், தாமான் குடியிருப்பில் வீட்டு முற்றம், எதுவானாலும் சரி, ஓர் ஆண்டுக்குள் பிளந்து, உரிந்து, பள்ளம் விழுந்து விடுகிறது. குளிர்நாட்டில் பனியும் உப்பும் சேர்ந்து பல ஆண்டு பாடுபட்டுச் செய்வதை இங்கே ஒரு மனிதர், ஒரு துளி பனியின் உதவியும் இல்லாமல், ஒரே பிற்பகலில் செய்து முடிக்கிறார். அவரைப் பாராட்டாமல் இருந்தால் நன்றி கெட்டதனம்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். தவிர, அவர் ஒருவர்தான் என்றும் சொல்வதற்கில்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போ வரை ஊருக்கு ஒருவராக அவதரித்திருக்கிறார். லாரிக் கதவில் குத்தகையாளர் என்று எழுதியிருக்கும். நாங்கள் அண்ணன் என்போம்.

அண்ணனின் முதல் மேதைமை, நாள் பார்ப்பதில் இருக்கிறது. எங்கள் பேராக் மாநிலத்தில் மழை ஒளிந்துகொண்டு வருவதில்லை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை கொட்டும் என்று வானிலைத் துறை ஆண்டுதோறும் சொல்கிறது. அது சொல்லாவிட்டாலும் துணி காயப்போடும் எந்தப் பெண்ணும் சொல்வாள். வடக்கே தைப்பிங், தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர். எங்களுக்கு அந்த அளவு இல்லை; ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்குக் குறைவதும் இல்லை. சீனப் புத்தாண்டு வாக்கில் கொஞ்சம் வெயில் காயும்; ஜூன், ஜூலையில் மழை இளைக்கும். சாதாரண மூளை உள்ளவன் அப்போது தரை போடுவான். அண்ணன் அக்டோபரில் போடுவார்.

அக்டோபருக்குக் காரணம் உண்டு. தீபாவளி வருகிறது. ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய மானியம் காத்துக் கிடக்கிறது. தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2022இல் 15ஆவது பொதுத்தேர்தலையும் பேராக் சட்டமன்றத் தேர்தலையும் நவம்பர் 19ஆம் தேதி, கொட்டுகிற மாதத்தில்தானே வைத்தார்கள். ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் தரை காய்ந்தாக வேண்டும் என்பது எந்தப் பொறியியல் நூலிலும் இல்லாத விதி. மற்ற விதிகளெல்லாம் அதற்குக் கீழேதான்.

மாதத்தைத் தேர்ந்ததோடு அண்ணன் நிற்பதில்லை. மணியையும் தேர்ந்தெடுக்கிறார். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். அப்போது அவர் சரக்கு எடுக்கப் போயிருப்பார், ஆட்கள் பசியாறிக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்குப் பலகை அடிப்பார்கள். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. இரண்டரைக்குக் கலவை மெஷின் சுழலும். மூன்றுக்குக் கேமரன் மலைப் பக்கம் கறுக்கும். மூன்றேகாலுக்குக் கடைசித் தள்ளுவண்டிக் கலவையைக் கொட்டி, பலகை பிடித்து இழுத்து நிமிரவும் முதல் துளி விழவும் சரியாக இருக்கும். வானிலைத் துறையிடம் ராடார் இருக்கிறது. மழையை இவ்வளவு கறாராகச் சந்திக்க ராடாராலும் முடியாது.

பக்கத்துத் தாமானில் ஒரு வீட்டு முற்றத்தில் இந்தச் சந்திப்பை அருகே நின்று பார்த்தேன். வீட்டுப் பாட்டி, தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், வாசல் கம்பியைப் பிடித்தபடி மலைப்பக்கம் பார்த்தார்.

"தம்பி, மேல கறுத்துக்கிட்டு வருது. நாளைக்குக் காலையில ஊத்தலாமே."

"வராது ஆயா. அது தாப்பா பக்கம் போயிரும்."

"அந்த மேகத்தப் பாத்துப் பாத்துப் பால் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனவ சொல்றேன்."

"ஆயா, இது பால் இல்ல, சிமெண்டு. தண்ணி பட்டாத்தான் கெட்டியாகும்."

கடைசி வாக்கியம் பாதி உண்மை. அண்ணனிடம் எப்போதும் பாதி உண்மை கைவசம் இருக்கும். மீதியை வாங்குபவர் சொந்தச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மழை விழுந்தது. முதல் துளிகள் ஈரத் தரையில் ஒரு காசு நாணயம் அளவுக்குக் குழி பறித்தன. பிறகு குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணீர் கோடு கோடாகப் பலகைக்கு அடியில் புகுந்து லோங்காங்கை, அதாவது வாசல் சாக்கடையை, நோக்கி ஓடியது. அது தண்ணீர் இல்லை, சிமெண்டு. ஓடிய இடங்களில் மணலும் கல்லும் பல்லைக் காட்டின. ஆட்கள் கேன்வாஸ் விரிக்க ஓடினார்கள். விரித்த கேன்வாஸ் ஈரத் தரையிலேயே படுத்து, தன் மடிப்புகளையெல்லாம் அதில் பதிவு செய்தது. மேலே தேங்கிய தண்ணீரின் கனத்தில் அது ஒரு பக்கம் சரிந்து, சேர்ந்ததை எல்லாம் ஒரே மூலையில் கொட்டியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அண்ணனுக்குத் தேநீர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மழை விட்டதும் அண்ணன் கைவண்ணத்தைக் காட்டினார். ஒரு மூட்டைச் சிமெண்டைப் பிரித்து, விதை விதைக்கிறவர் பாவனையில் கைப்பிடி கைப்பிடியாக உலர் சிமெண்டை ஈரத்தின்மேல் தூவி, கரண்டியால் தேய்த்து மெருகேற்றினார். அரை மணியில் தரை பளபளத்தது. பாட்டி முகத்திலும் சிரிப்பு வந்தது. மேலே தூவிய தோல் அடித்தரையோடு சரியாக ஒட்டாது, சில மாதங்களில் அப்பளம் அப்பளமாக உரியும் என்று சொல்லி அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணனுக்கும் வரவில்லை.

அடுத்து அவருடைய கலவை. 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைத்து. வெளித்தரைக்கு இது போதும். தண்ணீர் கூடக்கூட வலு குறையும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் சிகாகோவில் கலவைமேல் கலவையாகச் சோதித்து 1918இலேயே எழுதி வைத்தார். சிமெண்டு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும். ஏறிய வழியெல்லாம் துளையாக நிற்கும். பின்னால் மழைத் தண்ணீர் இறங்குவதும் அதே வழியில்தான். ஏப்ரம்ஸ் பாவம், பீடோருக்கு வந்து அண்ணன் கையில் இருக்கும் ரப்பர் குழாயைப் பார்க்கவில்லை. அந்தக் குழாய்க்கு லிட்டர் கணக்குத் தெரியாது. கலவை கெட்டியாக இருந்தால் அதை இழுக்கிற வங்காளதேசத் தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். உடனே "தம்பா ஆயிர்!" (தண்ணீர் கூட்டு) என்று ஒரு குரல். குழாய் திரும்பும். இன்னும் கொஞ்சம் "தம்பா ஆயிர்!" இனி இழுக்கவே தேவையில்லை, கலவை தானாக ஓடி மூலைகளை நிரப்பிக்கொள்ளும். தொழிலாளியின் இடுப்பைக் காப்பாற்ற வீட்டுக்காரரின் தரையையே தியாகம் செய்யும் இந்த மனிதநேயத்தை எந்தத் தொழிற்சங்கமும் இதுவரை கௌரவிக்கவில்லை. ரெடிமிக்ஸ் லாரி வந்தாலும் வழக்கம் மாறாது. ஆலையில் அளந்து அனுப்பிய கலவைக்கு அண்ணன் வாசலில் வைத்துத் தம் பங்குத் தீர்த்தத்தைச் சேர்ப்பார்.

சிமெண்டுக்கு எங்கள் மாநிலத்தில் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஓர் ஆலை, வடக்கே செம்மோர் பக்கம் கந்தானில் ஓர் ஆலை. இரண்டும் சுண்ணாம்பு மலையை வெட்டித் தின்றே வளர்ந்தவை. மலையாக நின்றபோது லட்சக்கணக்கான ஆண்டு மழையைத் தாங்கிய கல், மூட்டையில் அடைபட்டுப் பீடோருக்கு வந்ததும் ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை தாங்க மறுக்கிறது. கல்லுக்கே அண்ணனிடம் அவ்வளவு மரியாதை.

கம்பி வலையைப் பி.ஆர்.சி. என்போம். அண்ணன் திருடர் இல்லை. விலைப்பட்டியலில் எழுதிய பி.ஆர்.சி. தரையிலும் இருக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை. வலை கான்கிரீட்டின் நடுவிலோ சற்று மேலேயோ நின்றால்தான் விரிசல் வாய் பிளக்காமல் இழுத்துப் பிடிக்கும். அதற்காக அடியில் சின்னச் சின்னச் சிமெண்டுக் கட்டைகளை முட்டுக்கொடுப்பது மற்றவர்கள் வழக்கம். அண்ணன் வலையை மண்ணிலேயே படுக்க வைப்பார். "ஊத்தும்போது தூக்கி விட்டுக்கலாம்" என்பார். ஊற்றும்போது அதன்மேல் ஆறு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஆகவே கம்பி மண்ணைத் தழுவி, ஈரத்தைக் குடித்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் துருப்பிடிக்கிறது. பூமாதேவிக்கே பி.ஆர்.சி. போட்டுக் கட்டியவர் என்று பின்னால் யாராவது கல்வெட்டு வைக்கலாம்.

தண்ணீர் வடிய ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுப்பார்கள். பத்தடி முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டரை அங்குலம். அண்ணன் சமத்துவவாதி, மேடு பள்ளம் என்ற பேதம் அவருக்குப் பிடிக்காது. தரையை மட்டமாகவே இழுப்பார். அப்படியும் எங்காவது சரிவு விழுந்துவிட்டால் அது லோங்காங்கை விட்டுவிட்டு வீட்டு நிலைப்படியைப் பார்த்திருக்கும்.

தண்ணீரை ஓடவைப்பதற்கு இந்த நாட்டில் ஒரு வரலாறே உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடித்து, கால்வாய் வெட்டி மலேரியாவை அடக்கினார். பிறகு அந்த வேலை ரப்பர் தோட்டங்களுக்குப் பரவியது. மலையடிவார ஓடைகளில் பெருகும் கொசுவுக்காக ஓடையையே நிலத்தடிக் குழாயில் இறக்கினார்கள். கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் தோட்டத்துக் காய்ச்சலில் கும்பல் கும்பலாகச் செத்த காலம் அது. லயத்து வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது என்ற பாடத்துக்கு அவ்வளவு பேர் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். அண்ணன் அந்தப் பாடத்தைக் காலாவதியாக்கிவிட்டார். காய்ச்சலும் காலத்துக்கேற்ப மாறிவிட்டது, இப்போது டிங்கி. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் மழை பெய்கிற மாதத்தில், நிழல் விழும் மூலையில், அண்ணன் விட்டுப்போன பள்ளம் அத்தனை நாளும் வற்றுவதில்லை. சுகாதார அதிகாரிகள் வந்து புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை சம்மன், வீட்டுக்காரர் பெயரில். பள்ளத்தை வடிவமைத்தவர் பெயர் அதில் இருக்காது. பெரிய கலைஞர்கள் விளம்பரத்தை விரும்புவதில்லை.

விரிசல் விஷயத்தில் அவருடைய பெருந்தன்மை தனி. உச்சி வெயிலில் இங்கே சிமெண்டுத் தரை கால் வைக்க முடியாமல் சுடும், மழை விழுந்ததும் சட்டென்று குளிரும். 30 பாகை ஏறி இறங்கினால் பத்து மீட்டர் தரை 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், சுருங்கும். விரிசல் விழத்தான் செய்யும் என்று தெரிந்த கொத்தனார் எட்டு, பத்து அடிக்கு ஒரு கோடு வெட்டிவிடுவார், விழுகிற விரிசல் அந்தக் கோட்டுக்குள் விழட்டும் என்று. அண்ணன் விரிசலின் சுதந்திரத்தில் தலையிடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கோயில் முன்வாசலில் ஒரு விரிசல் கொடிமரத்தருகே தொடங்கி, துளசி மாடத்தைச் சுற்றி, செருப்பு விடும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை லோங்காங்குக்கும் மறு கிளை அன்னதானக் கூடத்துக்கும் போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்ல வசதி. "விரிசலோடயே போங்க, சாப்பாடு கிடைக்கும்."

அடிமண்ணைச் சொல்லாமல் விட்டால் புகழ் குறைப்பட்டுவிடும். எங்கள் வட்டாரத் தாமான்கள் பலவும் பால்மரம் நின்ற இடத்திலோ ஈயலம்பம் நடந்த இடத்திலோ எழுந்தவை. மரத்தைச் சாய்த்தாலும் வேர் அடியில் கிடக்கும். மட்கினால் அங்கே வெற்றிடம். ஈயம் கழுவிய மண்ணோ ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் சேறு. சேறு ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தோண்டி, மட்கியதை அள்ளிப்போட்டு, சல்லி பரப்பி, மெஷின் வைத்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அண்ணன் காலால் மிதித்துப் பார்ப்பார். கனத்த ஆள். அவர் "ஸ்ட்ராங்" என்றால் ஸ்ட்ராங்தான். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பிரிகிற சாலையில் போனால் தெலுக் இந்தான். 1885இல் கட்டிய கோபுரம் அங்கே அடிமண் இளகியதால் சாய்ந்து நிற்கிறது, சுற்றுப்பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அண்ணன் போட்ட முற்றங்களும் அதே கொள்கையில்தான் சாய்கின்றன. டிக்கெட் விற்க ஆள் போடாதது எங்கள் தவறு.

இனி அவருடைய சாதனைகளில் ஆக நுட்பமானது. சிமெண்டுத் தரை காய்வதால் கெட்டியாவதில்லை. தண்ணீரோடு நாள்கணக்கில் நடக்கும் வேதிமாற்றத்தால் கெட்டியாகிறது. அதனால்தான் முந்தைய கொத்தனார்கள் நனைந்த சாக்கைப் போர்த்தி, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்து ஒரு வாரம் அதைக் காத்துக் கிடந்தார்கள். முழு வலுவை 28ஆம் நாளில் கணக்குப் பார்ப்பதும் அதற்காகத்தான். ஆக, ஊற்றிய அன்றைக்கு விழும் மழை தரையைக் கெடுக்கும், மறுநாளிலிருந்து விழும் மழை அதைக் காக்கும். அண்ணன் ஊற்றிய அன்று மழைக்குத் தரையைத் திறந்து காட்டுகிறார். மறுநாள் திறப்பு விழாவுக்காகக் கூடாரம் போட்டு மூடி, நாலு மூலையிலும் பெரிய மின்விசிறி வைத்துக் காய வைக்கிறார். கெடுக்கிற மழையை உள்ளே விட்டு, காக்கிற மழையை வெளியே நிறுத்துவதற்கு எவ்வளவு திட்டமிடல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். செம்பனைக்குள் மறைந்து கிடக்கும் பழைய தோட்டத்து ஸ்டோர்த் தரைகளை எப்போதாவது பார்க்கிறேன். கூரை போய், சுவர் போய், தரை மட்டும் இன்னும் கிடக்கிறது. அந்தக் காலத்து ஆட்களுக்குத் திறப்பு விழா நடத்தத் தெரியவில்லை.

அண்ணனை மட்டும் புகழ்ந்துவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது பாரபட்சம். மூன்று விலைப்பட்டியல் வாங்கி, ஆகக் குறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் செயலவை நம்முடையது. அண்ணனிடம் நாம் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு? எப்ப முடியும்? எத்தனை அங்குல கனம், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தியதே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாலே அது போகும் திசை தெரிந்துவிடும். ஆனால் அண்ணன் முன்னால் வாளியைத் தூக்குவது மரியாதையாகுமா?

பராமரிப்பிலும் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஜூலையில் ஒரு விரிசலை அடைப்பது, கூரை ஓரத்துக்கு ஒரு தண்ணீர்த் தகரம் மாட்டுவது, லோங்காங் வாயில் அடைத்த இலையை அள்ளுவது போன்ற அற்ப வேலைகளில் நாம் இறங்குவதில்லை. மழை தொடங்கி, நிழல் பக்கம் பாசி பச்சைக் கம்பளம் விரித்த பிறகே விழித்துக்கொள்வோம். அன்று கோத்தோங் ரோயோங், ஊர் கூடித் துப்புரவு. இளைஞர் அணி வாட்டர்ஜெட்டைத் தரைக்கு நாலு விரல் உயரத்தில் பிடித்து, பாசியோடு சேர்த்து மேல் சிமெண்டுத் தோலையும் சீவி எடுத்துவிடும். தரை சொரசொரப்பாகும். அடுத்த மழைக்கு வருகிற பாசி, வேலை தெரிந்த பிள்ளைகள் தயார் செய்து வைத்த அந்த இடத்தில் முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். யாராவது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நம்மிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது: "பார்த்து நடக்கக் கூடாதா?" வயதான அம்மாக்களிடம்தான் அதை அதிகம் கேட்கிறோம். சாமி கும்பிட வருகிறவர்கள் சாமியைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே.

இந்த ஆண்டு எங்கள் கோயில் செயலவைக் கூட்டத்தில் அண்ணனே நேரில் வந்து ஒரு யோசனை சொன்னார். பழையதை உடைத்தால் செலவு, நாள் அதிகம். அதன்மேலேயே ஒன்றரை அங்குலம் புதிதாகக் கலவை போட்டு, பளபளக்கிற தரை ஓடு ஒட்டிவிடலாம். கோயில் வாசல் பார்க்க ஓட்டல் மாதிரி இருக்கும். கீழே இருக்கும் விரிசல் மேலேயும் வராதா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். "ஓடு போட்டா விரிசல் தெரியாதுங்க ஐயா" என்றார் அண்ணன். மழையில் நனைந்த வழவழப்பான ஓட்டில் கால் நிற்குமா என்று அவர் அடுத்துக் கேட்பதற்குள் தலைவர் தீர்மானத்தை முன்மொழிந்தார், பொருளாளர் வழிமொழிந்தார். வேலை அக்டோபர் மூன்றாவது வாரம்.

அதே தீர்மானத்தில் திறப்பு விழாக் கல்லும் உண்டு. போன தடவை வைத்த கல் இன்னும் அப்படியே இருக்கிறது. கருங்கல், இரண்டு அங்குல கனம். அடியில் தனியாக அஸ்திவாரம் தோண்டிச் சல்லி போட்டு இடித்தார்கள். ரசமட்டம் வைத்து நூல் பிசகாமல் நிறுத்தினார்கள். மேல் விளிம்பில் தண்ணீர் நிற்காமல் வழிய ஒரு சரிவு; சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் புகாதபடி சிலிக்கோன்; தலைக்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு கூரை. பதிக்கும்போது நானும் நின்றிருந்தேன். காலை எட்டு மணி, வெயில் நேரம். ஏழு நாள் யாரும் தொடக் கூடாது என்று அண்ணன் அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார். தலைவர் பெயர், பொருளாளர் பெயர், சிறப்பு வருகை தந்தவர் பெயர், குத்தகையாளர் பெயர், எல்லாம் பொன் எழுத்தில். ஓர் எழுத்துகூட உரியவில்லை.